இரண்டாவது மோட்டார்

துடியலூர் பொங்கியண்ணனிடம் பம்புசெட் வாங்கப் போனவர்கள் யாரும் ஒற்றை மோட்டாரோடு ஊர் திரும்பியது கிடையாது. ஒன்று கேட்டு வந்தவர் தலையிலும் இரண்டைக் கட்டித்தான் அனுப்புவார். ஒன்று ஓட வேண்டும், ஒன்று நிற்க வேண்டும்; ஓடுவது உள்ளே சுற்றிய கம்பி கருகிப் படுத்துக்கொண்டால் நிற்பது எழுந்து ஓட வேண்டும். அதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். மேட்டுப்பாளையம் ரோட்டில் தன் பட்டறை நிலைத்து நின்றதே இந்த ஒரு கொள்கையால்தான் என்று அவர் நம்பினார். வீட்டிலும் அப்படியே. மிக்ஸி இரண்டு, ஸ்கூட்டர் இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு. பிள்ளைகளும் இரண்டு. மூத்தவள் சண்முகப்பிரியா, இளையவன் தீபக்.

இந்த இரண்டில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பது பிரியாவுக்கு இருபத்தைந்து வயது வரைக்கும் தெரியாது. தெரிந்த அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம்தான் இந்தக் கதை.

அவள் இன்ஜினியரிங் முடித்தபோது தீபக் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தான். தம்பி வருகிற வரைக்கும் டிசைன் வேலையைப் பார்த்துக்கொள் கண்ணு என்று அப்பா சொன்னார். மழை வருகிற வரைக்கும் என்று நம் பக்கம் சொல்வதும் இதே தினுசுதான், வந்தால் உண்டு. பிரியா அந்த வார்த்தையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வார்ப்பு மண்ணில் கையை விட்டுப் பார்த்தாள், அச்சு எடுக்கும் மோல்டர்களோடு சண்டை போட்டாள், பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் இறக்கைகளைக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தாள், கொஞ்சம் நிமிர்த்திப் பார்த்தாள். குறைந்த கரண்டில் கூடுதல் தண்ணீர் தள்ளும் பம்பு அந்தப் பட்டறையிலிருந்து வர ஆரம்பித்தது. பெயர் அப்பாவுக்குப் போனது. அதிலும் அவளுக்கு வருத்தமில்லை, வேலை அவளுடையதாக இருந்தது அல்லவா.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் கண்ணையா வந்தார். வீட்டில் தெலுங்கும் வெளியில் அசல் கொங்குத் தமிழும் பேசுகிறவர். தாராபுரத்துக்குப் பக்கத்தில் நூல் மில் வைத்திருந்தார். ஆற்றோரக் கிணற்றிலிருந்து மில்லுக்குத் தண்ணீர் ஏற்ற அவருக்குப் பெரிய பம்புகள் வேண்டும், ஆனால் கரண்டு பில்லைப் பார்த்து அவருக்கு நெஞ்சு வலி வரக் கூடாது. வார்ப்பு ஊற்றுவதற்கு முன்னால் கணக்கைக் காகிதத்தில் காட்டுங்கள், எந்தக் கோணத்தில் இறக்கை வைத்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால்தான் ஆர்டர் என்றார்.

கணக்கு என்றால் விரல் மடித்துப் போடுகிற கணக்கில்லை. ஒவ்வொரு கோணத்துக்கும் பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழலும் என்று கம்ப்யூட்டர் கணக்கிட வேண்டும். பட்டறையில் இருந்த பழைய பெட்டி ஒரு கோணத்தை முடிக்கவே பகல் முழுவதும் எடுத்துக்கொண்டது. நடுவில் கரண்டு போய் யூபிஎஸ்ஸும் கை விரித்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போட்டுப் பார்க்க வேண்டிய கோணங்களோ ஏராளம். புதுக் கம்ப்யூட்டர் வேண்டும், அதில் கணக்குப் போடுகிற பிராசசர் ஒன்றுக்கு இரண்டாக வேண்டும் என்று பிரியா கேட்டாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கும் நசுருதீன் பட்டறைக்கே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் சந்தேகம். எதற்கு வம்பு, தனித்தனியாக இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கொன்று ஆச்சு என்றார். பிரியா கிரைண்டரை உதாரணம் காட்டினாள். கோயமுத்தூர்க்காரர்களுக்கு வேறு எதைச் சொன்னாலும் ஏறாவிட்டாலும் கிரைண்டரைச் சொன்னால் ஏறிவிடும்.

"ரெண்டு கம்ப்யூட்டர்னா ரெண்டு ஊட்டுல ரெண்டு கிரைண்டருங்க. இங்க ஆட்டுன மாவை அங்க தூக்கிட்டு ஓடோணும். ஒரே போர்டுல ரெண்டு பிராசசர்னா ஒரே சமையக்கட்டுல ரெண்டு கிரைண்டர். அரிசி மூட்டை ஒண்ணுதான், அள்ளறப்ப கையும் கையும் கொஞ்சம் இடிச்சுக்கும். ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல ஆட்டும்."

அதுக்கும் மேலே ஒன்று வரப்போகிறதாம் என்று நசுருதீன் தான் படித்ததைச் சொன்னார். ஒரே பிராசசருக்குள்ளேயே இரண்டு மூளை வைத்து அடைக்கப் போகிறார்களாம். ஆமாம், அது ஒரே டிரம்முக்குள் இரண்டு கல் போட்ட மாதிரி, இடமும் மிச்சம் கரண்டும் மிச்சம், ஆனால் அது வருவதற்குள் கண்ணையாவுக்கு அறுபதாம் கல்யாணமே முடிந்துவிடும் என்றாள் பிரியா. இருப்பதை வைத்துத்தான் ஆட்ட வேண்டும்.

இருப்பதிலும் ஒரு தகராறு இருந்தது. இரண்டாகப் பூட்டுகிற பிராசசர் யானை விலை. மலிவு ரகம் ஒன்று இருந்தது, ஆனால் அதை ஜோடி சேர்த்து ஓட்டக் கூடாது என்று செய்தவர்களே சொல்லியிருந்தார்கள். தைவான்காரர்கள் அந்தப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், மலிவு ரகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு போர்டு செய்து சந்தைக்கு விட்டிருந்தார்கள். பிரியாவுக்கு அந்தப் போர்டைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று. கூடாது என்பதைச் செய்து காட்டியவர்கள் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு.

பொங்கியண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஒண்ணு போயிருச்சுன்னா இன்னொண்ணு ஓடுமில்லீங் கண்ணு?"

ஓடாது. இரண்டில் ஒன்று போனால் பெட்டியே நின்றுவிடும். பிரியாவுக்கு அது தெரியும். ஆனால் அப்பாவின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது, கை சட்டைப் பையில் இருந்த செக் புத்தகத்துக்குப் போயிருந்தது. அவள் தலையாட்டிவிட்டாள். அவர் எழுதிக் கொடுத்தார். ஆடி மாதத்தில் புதுப் பொருள் வாங்குவதா என்று அம்மா ராசாத்தாள் முணுமுணுத்ததோடு சரி. அன்றிலிருந்து பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், கம்ப்யூட்டர்லயும் ஸ்டாண்ட்பை போட்டாச்சுங்க என்று அவர் பெருமையடித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே மட்டும்தான் ஏசி. பிரியா என்டி என்ற விண்டோசைப் போட்டாள். இரண்டு பிராசசரையும் வேலை வாங்கத் தெரிந்தது அதுதான். ஒரே நேரத்தில் இரண்டு கோணங்களை ஓட விட்டாள், ஒன்றை அது பார்த்துக்கொண்டது, இன்னொன்றை இது பார்த்துக்கொண்டது. திரையின் ஓரத்தில் பச்சைக் கோடுகள் இரண்டு கட்டங்களிலும் உச்சியில் நின்றன. பழைய பெட்டி நாள் முழுக்க முக்கி முனகிப் போட்ட கணக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜோடியாக வந்து விழுந்தது. அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

ஆவணி பிறந்ததும் தீபக் வந்து சேர்ந்தான். பெங்களூர் வேலை பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன் என்றான். நல்ல பையன்தான்; யாரையும் புண்படுத்தத் தெரியாது, எதையும் முழுதாகச் செய்யவும் தெரியாது. அவன் வந்த சூட்டோடு காங்கேயம் பக்கத்திலிருந்து பிரியாவுக்கு ஒரு வரன் வந்தது. எண்ணெய் மில் குடும்பம். இரண்டும் ஒன்றாக நடந்ததைத் தற்செயல் என்று அவள் நினைத்தாள். படித்தவர்களுக்கும் சில விஷயங்கள் மெதுவாகத்தான் உறைக்கும்.

தாராபுரத்தில் அத்தை வீட்டுக் கோயில் விசேஷம் என்று அவளை அனுப்பிவைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அங்கே வந்து அவளைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலை செய்யலாமா என்று பிரியா நேராகவே கேட்டாள். எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் அவசியம் இல்லை அம்மணி என்று அந்த அம்மாள் அன்பாகச் சொன்னார். போனில் அப்பாவிடம் சொன்னபோது, அதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். வருகிற வெள்ளிக்கிழமை உப்புச் சர்க்கரை மாற்றுவதாக முடிவாயிற்று. நம் பக்கம் உப்பும் சர்க்கரையும் கைமாறிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்கு மறுநாள் கண்ணையா கணக்குப் பார்க்க வருவதாக இருந்தது.

தாராபுரம் கிளம்புவதற்கு முன்னால் மீதிக் கோணங்களை எப்படி ஜோடி ஜோடியாக ஓட விடுவது என்று தீபக்குக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் அவள் போயிருந்தாள். திங்கட்கிழமை திரும்பிவந்து கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்தால் சினிமாப் பாட்டு கேட்டது.

தீபக் நாற்காலியில் சாய்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். என்டியில் பாட்டுக் கேட்க முடியவில்லை என்று அதை அழித்துவிட்டு விண்டோஸ் தொண்ணூற்றெட்டைப் போட்டிருந்தான். அதற்கு இரண்டாவது பிராசசர் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அவள் சொன்னபடி இரண்டிரண்டு கோணங்களாகத்தான் ஓடவிட்டிருந்தான் பாவம். இரண்டும் ஒரே பிராசசரின் கழுத்தில் தொங்கி மாறி மாறி நகர்ந்துகொண்டிருந்தன. முடிந்திருக்க வேண்டியதில் கால்வாசிகூட முடியவில்லை. பக்கத்தில் இன்னொரு பிராசசர் தேமே என்று உட்கார்ந்திருந்தது. அது சும்மா இருப்பது யாருக்கும் தெரியவில்லை. பெட்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

ஓடுதே அக்கா என்றான் தீபக். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. சத்தம் கேட்டு அப்பா வந்தார். பிரியா நடந்ததைச் சொன்னாள், ஒன்றுதான் வேலை செய்கிறது, இன்னொன்று சும்மா கிடக்கிறது என்றாள். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

"அதான கண்ணு ஸ்டாண்ட்பை. அதுக்குத்தான வாங்குனோம்?"

தலையாட்டிய பாவம் திரும்பி வந்து முன்னால் நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதை விளக்குவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அவள் தோளில் கை வைத்தார். குரலில் அத்தனை வாஞ்சை.

"நீ எதுக்கு இன்னும் இதுல கெடந்து சிரமப்படறே? தம்பிதான் வந்துட்டானல்ல. இனி அவன் பாத்துக்குவான். நாளைக்கு அவனுக்கு முடியாமக் கிடியாமப் போச்சுன்னா, காங்கேயம் என்ன கண்காணாத தேசமா? நீ இருக்கவே இருக்கறே."

அவர் போய்விட்டார். பிரியா நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். வெறுத்திருந்தால் அழுதிருப்பாள். அவர் அவளைப் பத்திரமாகத் துடைத்து, உறை போட்டு, மூலையில் வைக்கப் பார்த்தார். அதில் அவருக்கு ஒரு துளி கெட்ட எண்ணமும் கிடையாது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் வார்ப்பு மண்ணைத் தின்றது, மோல்டர்களிடம் பேச்சு வாங்கியது, ஒவ்வொரு இறக்கையாக வளைத்தது எல்லாம் தம்பி வருகிற வரைக்கும்தானா? அப்பா மேல் வந்த கோபத்தைவிட, இத்தனை நாள் புரியாமல் இருந்த தன் மேல் வந்த கோபம் பெரிது.

அன்று அவள் வீட்டுக்குப் போய்ப் புடவை பார்க்கவில்லை. ராசாத்தாள் மூன்று பட்டுப்புடவைகளைக் கட்டிலில் விரித்துவைத்துவிட்டு ஆள் அனுப்பினாள். வரவில்லை என்று பிரியா சொல்லி அனுப்பினாள். தீபக்கின் பாட்டுகளை அவன் கண் முன்னாலேயே அழித்தாள், என்டியை மறுபடி போட்டாள். அவன் எதிர்க்கவில்லை. எதற்கு இது, அது ஏன் கூடாது என்று பக்கத்தில் நின்று கேட்டான். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னவள், அவன் கேட்டவை நல்ல கேள்விகள் என்று தெரிந்ததும் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். செவ்வாயும் புதனும் கணக்குகள் ஜோடி ஜோடியாக விழுந்தன.

வியாழக்கிழமை காலையில் பொங்கியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மறுநாள் விசேஷம், பெண்ணைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். திரையில் இரண்டு கட்டங்களிலும் பச்சைக் கோடு உச்சியில் நின்றதைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். இரண்டு பிராசசரும் வேலை செய்கிறதைக் காட்டுவது என்றான் தீபக். இதில் எது ஸ்டாண்ட்பை என்று அவர் கேட்டார்.

பிரியா நாற்காலியைத் திருப்பினாள். கொங்கு நாட்டில் சண்டை போட்டாலும் மரியாதை குறையாமல்தான் போடுவார்கள். அவளும் குறைக்கவில்லை.

"ஸ்டாண்ட்பைன்னு இதுல எதுவும் இல்லீங்கப்பா. அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் தலையாட்டிப்போட்டேன், அது என்ற தப்புதான். ரெண்டும் சேந்து ஓடத்தான் வாங்குனோம். நானும் ஸ்டாண்ட்பை இல்லீங்க. தம்பி வர்ற வரைக்கும் நான் இங்க நின்னுக்கிட்டு இருக்கலை, ஓடிக்கிட்டு இருந்தேன். இனியும் ஓடுவேனுங்க. பட்டறையில பார்ட்னர்னு எம்பேரைச் சேருங்க, அவன் பேரையும் சேருங்க."

பொங்கியண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்றார். பெண் பிள்ளைக்குப் பட்டறையில் பங்கு கொடுத்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும் என்றார். கடைசியில், இதையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் காங்கேயத்தில் கேட்டுக்கொண்டு பேசலாம், நாளைக்கு உப்புச் சர்க்கரை, இப்போது எழுந்து வா என்றார்.

மேசை மேல் போன் இருந்தது. பிரியா அதை இழுத்துக் காங்கேயத்து மாப்பிள்ளை வீட்டு நம்பரைச் சுழற்றினாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நம்பர் அவருக்கும் மனப்பாடம். அவர் கை நீண்டது, பாதியில் நின்றுவிட்டது. பெண் போனில் பேசும்போது பிடுங்குகிற அளவுக்கு அவர் தரம் தாழ்ந்தவர் இல்லை. அந்தப் பக்கம் எடுத்தது மாப்பிள்ளையின் அம்மா.

"ஏனுங்க அத்தை, துடியலூர் சண்முகப்பிரியா பேசறேனுங்க. நல்லாருக்கீங்களா? நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க. எனக்குச் சம்மதம் இல்லீங்க. உங்க மேலயும் அவரு மேலயும் ஒரு குத்தமும் இல்லை. எனக்கு இங்க வேலை இருக்குது, அதை நான் உட மாட்டேன். நேரத்துல சொல்லாமப் போனதுக்கு மன்னிச்சுக்குங்க."

அந்தப் பக்கம் பேச்சு கொஞ்ச நேரம் ஓடியது. பிரியா கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் முதலில் ஒரு திகைப்பு, பிறகு உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. சரிங்க அத்தை, ரொம்ப நல்லதுங்க என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பொங்கியண்ணன் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன திட்டு திட்டினார்களோ, எந்த முகத்தை வைத்துக்கொண்டு இனி காங்கேயம் பக்கம் போவது என்ற கலக்கம் அவர் கண்ணில் தெரிந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் திட்டலீங்கப்பா. பரவால்ல அம்மணின்னாங்க. பெருந்துறையில இன்னொரு பொண்ணு ஜாதகமும் பொருந்தியிருக்குதாம். இது தட்டிப்போனா அதுன்னு கையில வெச்சுட்டுத்தான் இருந்தாங்களாம். நாளைக்கு அங்க போயிக்கறாங்களாம்."

பொங்கியண்ணன் வெடித்தார்.

"என்ற பொண்ணுக்கு மாத்து வெச்சிருந்தானுங்களா? இவ இல்லாட்டி அவன்னு? எம்புட்டு கொழுப்பு! என்ற பொண்ணு என்ன..."

வார்த்தை பாதியில் நின்றது. அவர் சொல்லவந்த வார்த்தையை அவரே கேட்டுவிட்டார்.

"எனக்கும் இப்படித்தானுங்கப்பா இருந்துச்சு, திங்கக்கிழமை," என்றாள் பிரியா.

பட்டறையில் யாரோ வார்ப்பைத் தட்டும் சத்தம் கேட்டது. பிரியா திரும்பித் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். அடுத்த ஜோடிக் கோணங்களைத் தீபக் படிக்க, அவள் தட்டினாள். அப்பா போவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் போகவில்லை, உட்காரவும் இல்லை. வெகுநேரம் அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரிடம் கேட்கிறார் என்று தெரியாத மாதிரி மெல்லக் கேட்டார்.

"நாளான்னைக்குக் கண்ணையாகிட்ட யாரு பேசறது?"

தீபக் அக்காவைப் பார்த்தான்.

"நானுங்க," என்றாள் பிரியா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.